சைகையைக் குரலாக்கும் செயலி: 40 சொல் வரை வந்துவிட்டேன், மேலே எப்படிப் போவது?

பின்னிரவு நிரலர்:

வணக்கம். மூன்று மாதமாக ஓய்வு நேரத்தில் ஒன்றை நோண்டிக்கொண்டிருக்கிறேன். லேப்டாப் கேமரா முன் சைகை மொழியில் ஒரு சொல்லைக் காட்டினால், செயலி அதைக் கண்டுபிடித்துக் குரலில் சொல்லும். பேச முடியாதவர்களுக்குக் குரல் கொடுப்பதுதான் நோக்கம்.

மீடியாபைப் (வீடியோவில் கை, முகம் எங்கே என்று கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருள்) ஒரு கைக்கு 21 புள்ளிகளைப் பிடித்துத் தருகிறது. இரண்டு கைக்கு 42, புள்ளிக்கு மூன்று அச்சு, ஆக ஒரு ஃப்ரேமுக்கு 126 எண்கள். இப்படி 30 ஃப்ரேமைச் சேர்த்து ஒரு சின்ன எல்எஸ்டிஎம் மாடலுக்குள் (வரிசையாக வருவதை நினைவில் வைத்துக் கற்கும் நரம்பு வலை) விடுகிறேன். 40 சொல், சொல்லுக்கு 50 வீடியோ, சைகை செய்தது முழுக்க நானே. சோதனையில் 97 சதவீதம் வந்தது. அன்று தலைகால் புரியவில்லை.

நேற்று அறைத்தோழனை உட்கார வைத்தேன். பத்துக்கு மூன்றுதான் தேறியது. அவன் இடதுகைக்காரன், அதனால் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் நானே வேறு அறையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து செய்து பார்த்தேன். அப்போதும் சொதப்பல்.

இரண்டு சந்தேகம். கேமராவை விட்டுவிட்டு சென்சார் வைத்த கையுறைக்கு மாறலாமா? சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு எப்படிப் போவது?

எடைக்கல்:

அந்த 97 எப்படி வந்தது? 2000 வீடியோவையும் கலைத்துப் போட்டு, பயிற்சிக்கு 80 சதவீதம், சோதனைக்கு 20 என்று பிரித்தீர்களா? அப்படியென்றால் உங்களை வைத்தே பயிற்சி, உங்களை வைத்தே பரீட்சை. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டியிருக்கிறீர்கள். பயிற்சியில் இருக்கும் ஆள் யாரும் சோதனையில் இருக்கக் கூடாது. அதில் 60 வந்தால்கூட இந்த 97ஐ விட மதிப்பு அதிகம்.

இன்னொன்று. புள்ளிகளை எதை மையமாக வைத்துக் கணக்கிடுகிறீர்கள்?

பின்னிரவு நிரலர்:

பிடித்துவிட்டீர்கள், கலைத்துப் போட்டுத்தான் பிரித்தேன் 😅 மையம் மணிக்கட்டு. கேமராவில் கை எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி வரட்டும் என்று அப்படிச் செய்தேன்.

எடைக்கல்:

அங்கேதான் இடிக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ஐந்து விரலையும் விரித்துப் பெருவிரலை நெற்றியில் வைத்தால் அப்பா. அதே கையைத் தாடைக்கு இறக்கினால் அம்மா. மணிக்கட்டை மையமாக்கிய மாடலுக்கு அப்பாவும் அம்மாவும் ஒரே ஆள். தோள்பட்டைகளின் நடுவை மையமாக வையுங்கள், தோள் அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இடதுகைக்காரர்களுக்காக இடவலம் மாற்றிய பிரதிகளையும் பயிற்சியில் சேருங்கள். ஒரு நாள் வேலை.

சாலிடர் சாமி:

கையுறைக் கட்சியிலிருந்து ஒருவன் பேசுகிறேன். நானும் ஒன்று செய்தவன்தான். ஐந்து விரலுக்கும் வளைவை அளக்கும் பட்டைகள், புறங்கையில் கையின் அசைவை அளக்க ஒரு முடுக்கமானி, எல்லாம் ஒரு சின்ன போர்டில் போய்ச் சேரும். வெளிச்சம் பிரச்சினை இல்லை, பின்னணி பிரச்சினை இல்லை. ஒரு கை இன்னொரு கையை மறைத்தால் கேமரா திணறும், கையுறை திணறாது.

ஆனால் இதில் புதுமை என்று மார்தட்ட ஒன்றும் இல்லை. 1980களின் கடைசியிலேயே ஸ்டான்ஃபோர்டில் பேசும் கையுறை செய்துவிட்டார்கள். 2001ல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர் கோல்ஃப் கையுறையில் சென்சார் தைத்து, விரலால் காட்டும் எழுத்துகளைத் திரையில் வர வைத்துப் பெரிய பரிசெல்லாம் வாங்கினார். 2016ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் சைன்அலவுட் என்ற கையுறைக்கு 10,000 டாலர் லெமல்சன்-எம்ஐடி மாணவர் பரிசு பெற்றார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் கையுறையோடு செய்தியில் வருவார், உலகமே கைதட்டும், அப்புறம் அந்தக் கையுறை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. என்னுடையது மேசை இழுவறையில் தூங்குகிறது.

அம்மாவின் குரல்:

எங்கே போனது என்று நான் சொல்கிறேன் அண்ணா. உடுத்த ஆள் இல்லாமல் போனது. சைன்அலவுட் பரிசு வாங்கியதும் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே அதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார்கள். காது கேளாதவர்களைக் கேட்காமல் செய்த கருவி என்பதுதான் முதல் குறை. கையுறைக்கு முகம் தெரியாது என்பது அடுத்தது.

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. எனக்குக் கேட்கும். ஐந்து வயதிலிருந்து அவர்களுக்கு மொழிபெயர்த்து வருகிறேன், இப்போது அதுவே தொழில்.

முகம் என்றால் என்ன என்று ஒரு காட்சியில் சொல்கிறேன். மருத்துவர் புது மாத்திரை எழுதுகிறார். அம்மா கைகளால் சொல்வது மூன்றே சைகை: மாத்திரை, சாப்பிடு, தலைசுற்றல். கூடவே புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்று முன்னால் நீட்டி, கடைசிச் சைகையைக் கொஞ்சம் அப்படியே நிறுத்துகிறார். ‘இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தலை சுற்றுமா?’ என்று அர்த்தம். புருவம் அசையாமல், தலையை ஆட்டியபடி அதே மூன்றையும் செய்தால் ‘மாத்திரை சாப்பிட்டேன், தலை சுற்றுகிறது’. கைகளில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கிடையாது.

ஒரு முறை ஒரு மருத்துவமனையில் சோதனைக்காக வைத்திருந்த கருவி இரண்டாவது மாதிரிதான் பேசியது. நான் பக்கத்தில் இருந்தேன், திருத்தினேன். மருத்துவர் ஏற்கெனவே அதைக் குறிப்பில் எழுத ஆரம்பித்திருந்தார்.

பின்னிரவு நிரலர்:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. மீடியாபைப்பில் முகத்துக்கு 468 புள்ளி கிடைக்கிறது. புருவம், வாய் இரண்டையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?

சாலிடர் சாமி:

சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. 2020ல் அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கையுறையோடு புருவத்துக்கு நடுவிலும் வாயோரத்திலும் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வைத்தார்கள். துல்லியம் 98 சதவீதத்துக்கு மேல் என்று ஆய்வுத்தாளில் இருக்கிறது. நெற்றியில் ஒன்று, வாயோரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு யார் வெளியே கிளம்புவார்கள் என்றுதான் தாளில் இல்லை.

பழைய இலக்கணம்:

முகத்தைச் சேர்த்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள் தம்பி. உங்கள் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. ஒரு சைகை = ஒரு சொல், சொற்களை வரிசையாகக் கோத்தால் வாக்கியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல. 1960ல் வில்லியம் ஸ்டோக்கி அதைத்தான் எழுதினார். அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கல்லூரியான கல்லாடெட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர். அங்கே மாணவர்கள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதைக் கவனித்து, ஒவ்வொரு சைகையும் கைவடிவம், இடம், அசைவு என்று பிரியும், பேச்சில் ஒலிகள் சேர்ந்து சொல் ஆவது போல இவை சேர்ந்து சைகை ஆகின்றன என்று காட்டினார். அதுவரை மொழியறிஞர்களிலேயே பலர் அதை வெறும் அபிநயமாகத்தான் பார்த்தார்கள்.

நமக்கு ஓர் உதாரணம். ‘அவன் அவளுக்குக் கொடுத்தான்’ என்று சொல்ல, நாம் வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டுகிறோம். சைகையில் இடப்பக்கம் ஒரு புள்ளியில் அவனை ‘நிறுத்தி வைப்பார்கள்’, வலப்பக்கம் அவளை. ‘கொடு’ என்ற சைகை இடமிருந்து வலம் போனால் அவன் அவளுக்குக் கொடுத்தான், வலமிருந்து இடம் வந்தால் அவள் அவனுக்குக் கொடுத்தாள். நம் உருபும் விகுதியும் செய்கிற வேலையை அங்கே காற்றில் இழுத்த ஒரு கோடு செய்கிறது. பத்து வாக்கியம் கழித்து அந்த இடப்பக்கப் புள்ளியைச் சும்மா சுட்டினால் போதும், அவன்தான். உங்கள் மாடல் 30 ஃப்ரேம், அதாவது ஒரு விநாடி, நினைவு வைத்திருக்கிறது. அங்கே யாரை நிறுத்தினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவில் ‘சைகை மொழி’ என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். எந்தச் சைகை மொழி? உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்கில் 300க்கு மேல் இருக்கின்றன. பிரிட்டனும் அமெரிக்காவும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் இரு நாட்டுச் சைகை மொழிகளுக்கும் உறவே இல்லை. அமெரிக்காவுடையது பிரெஞ்சுச் சைகை மொழியின் கிளை. எழுத்துகளைக்கூட அங்கே ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் இரண்டு கையால்.

பின்னிரவு நிரலர்:

ஐயா, வெட்கமாக இருக்கிறது. வெவ்வேறு வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எல்லாம் ஒரே மொழியா என்றுகூட நான் பார்க்கவில்லை.

அடுத்த தலைமுறை:

இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டுமா? எழுத்து மொழிபெயர்ப்பையும் ஒரு காலத்தில் இப்படித்தான் முடியவே முடியாது என்றார்கள். இலக்கணம் எதையும் கையால் ஊட்டாமலே பெரிய மாடல்கள் தாமாகக் கற்றுக்கொண்டன. சைகைக்கும் அதேதான் நடக்கும். வீடியோவைக் கொட்டுங்கள், புருவமும் காற்றில் கோடும் தானாக வரும்.

எடைக்கல்:

கொட்டுவதற்கு வீடியோ வேண்டுமே ஐயா.

இந்தத் துறையில் நெடுநாள் அளவுகோலாக இருந்தது ஃபீனிக்ஸ் என்ற ஜெர்மன் வீடியோத் தொகுப்பு. தொலைக்காட்சி வானிலை அறிக்கையின் சைகை மொழிபெயர்ப்பு. எட்டாயிரத்துச் சொச்சம் வாக்கியம், ஒன்பது பேர். 2018லிருந்து ஆய்வுத்தாள் ஆய்வுத்தாளாக அதில் மதிப்பெண் ஏற்றிக்கொண்டே போனார்கள். அதில் கற்ற மாடலுக்கு வடக்கில் மழை, தெற்கில் வெயில் என்று நன்றாகச் சொல்லத் தெரியும். ‘கழுத்து வலிக்கிறது’ என்றால் விழிக்கும்.

2023ல் யூடியூப்-ஏஎஸ்எல் என்ற தொகுப்பு வந்தது. சுமார் ஆயிரம் மணி நேரம், 2500க்கும் மேற்பட்ட ஆட்கள். அமெரிக்கச் சைகை மொழிக்கு அதுவரை இல்லாத அளவு. அதை வைத்துப் பயிற்றுவித்து, வேறொரு தொகுப்பில் சோதித்தபோது ப்ளூ மதிப்பெண் (மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 12ஐச் சற்றுத் தாண்டியது. நூற்றுக்கு. அன்றைக்கு அதுதான் சாதனை. எழுத்து மொழிபெயர்ப்பில் இந்த மதிப்பெண் வாங்கும் மாடலை யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். எழுத்துக்கு இணையத்தில் கோடிக்கணக்கான வாக்கிய இணைகள் சும்மா கிடக்கின்றன. சைகை மொழிக்கு அன்றாடம் புழங்கும் எழுத்து வடிவமே இல்லை, எல்லாமே வீடியோ. அந்த வீடியோவுக்கும் விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பொருள் எழுத வேண்டும். அதுவும் அமெரிக்கா போன்ற ஒருசில நாடுகளுக்குத்தான் ஆயிரம் மணி. மீதி முந்நூறு மொழிகளுக்கு?

முன்னேற்றம் இல்லை என்று சொல்லவில்லை. விரலால் எழுத்துக் கூட்டுவதை இப்போது நன்றாகவே பிடிக்கிறார்கள். 2023ல் கூகுள் அதற்கென்று போட்டியே நடத்தியது. நூறு பேருக்கு மேல் காட்டிய 30 லட்சம் எழுத்துகளை டேட்டாவாகக் கொடுத்தார்கள். ஆனால் அது பெயரையும் முகவரியையும் எழுத்துக்கூட்டும் வேலை. முழு மொழி வேறு.

அடுத்த தலைமுறை:

சரி, டேட்டா போதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அரைகுறையாவது மேல் இல்லையா? மொழிபெயர்ப்பாளர் இல்லாத நேரத்தில் 70 சதவீதம் சரியாகச் சொன்னால்கூட உதவிதானே.

முதல் பெஞ்ச்:

இழை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குக் காது கேட்காது. பள்ளியில் எப்போதும் முதல் பெஞ்ச், ஆசிரியரின் வாயைப் பார்க்க. பெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

அரைகுறை மேலா என்று கேட்டீர்கள். யாருக்கு?

ஒரு கண்காட்சியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கருவியின் முன் நிற்க வைத்தார்கள். சைகை செய்தேன். பெட்டி ஏதோ பேசியிருக்க வேண்டும், கூட்டம் கைதட்டியது. நானும் சிரித்தேன். இறங்கி வந்ததும் என் நண்பரிடம் அது என்ன பேசியது என்று கேட்டேன். நான் சொன்னது ‘இதைச் செய்வதற்கு முன்னால் எங்களில் யாரையாவது கேட்டீர்களா?’. பெட்டி சொன்னது ‘எங்களைக் கேட்டுச் செய்தீர்கள்’. அதற்குத்தான் கைதட்டல்.

நீங்கள் எல்லோரும் துல்லியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இதைக் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் செயலி என் பெயரில் ஒரு வாக்கியத்தைக் குரலில் சொல்கிறது. அந்த அறையில் அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் நான். தவறாகச் சொன்னால் எனக்குத் தெரியாது. எதிரில் இருப்பவருக்குச் சைகை தெரியாது, ஆகவே தவறு என்று அவருக்கும் தெரியாது. இருவரும் புரிந்துகொண்டதாகத் தலையாட்டிப் பிரிவோம். எழுபது சதவீதம் என்றால் பத்துக்கு மூன்று முறை இது நடக்கும், எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது.

மனிதர்களிடமே இது நடந்திருக்கிறது. 2013 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவுக்கு நினைவுக் கூட்டம். உலகத் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் நின்று சைகை காட்டினார். அது எந்த மொழியும் இல்லை, வெறும் கையசைப்பு. ஒபாமாவுக்குப் பக்கத்தில் நின்றே செய்தார். பார்த்துக்கொண்டிருந்த காது கேளாதவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கேட்கும் உலகத்துக்குக் கை அசைந்தால் போதும், மொழி என்று நம்பிவிடும். உங்கள் செயலியையும் அப்படித்தான் நம்புவார்கள்.

கடைசியாக ஒன்று. ‘பேச முடியாதவர்களுக்குக் குரல் கொடுப்பது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நாள் முழுக்கப் பேசுகிறேன். உங்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

பின்னிரவு நிரலர்:

மன்னியுங்கள். அந்த வரியைத் திருத்தலாம் என்று போனேன், ஆனால் அப்படியே விடுகிறேன், இல்லையென்றால் உங்கள் பதிலுக்குப் பொருள் இருக்காது.

ஒரு கேள்வி கேட்கலாமா? குரலில் சொல்வதற்கு முன், மாடல் புரிந்துகொண்டதை எழுத்தாக உங்களுக்குக் காட்டி, நீங்கள் சரி என்று தொட்ட பிறகுதான் பேசும் என்று வைத்தால்?

முதல் பெஞ்ச்:

அது முதல் படி. ஆனால் கேளுங்கள், அந்த எழுத்தைப் படித்துச் சரிபார்க்க முடிகிற என்னால் நேராகத் தட்டச்சு செய்தே காட்டிவிட முடியும். அப்புறம் செயலி எதற்கு? எங்களில் பலருக்கு எழுத்து மொழி இரண்டாம் மொழி, அதுவும் சரியாகக் கற்றுத் தரப்படாத இரண்டாம் மொழி. 1880ல் இத்தாலியில் நடந்த காது கேளாதோர் கல்விக்கான மிலான் மாநாட்டில் பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுதான் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் நிழல் தலைமுறை தலைமுறையாக விழுந்தது. எழுத்தைக் காட்டிச் சரிபார்க்கச் சொன்னால், யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்தான் வெளியே நிற்பார்.

அம்மாவின் குரல்:

என் அம்மாவைப் போல. இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லாதது. ஃபோனை யார் பிடிப்பது? சைகைக்கு இரண்டு கையும் வேண்டும். விளம்பர வீடியோவில் எப்போதும் ஃபோன் எங்கேயோ அழகாகச் சாய்ந்து நிற்கும். நிஜத்தில் எதிரில் இருப்பவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், அவர் பாதியில் கையைத் தாழ்த்துவார், கேமராவில் அம்மாவின் இடுப்புதான் தெரியும்.

சாலிடர் சாமி:

😂 கையுறைக்கு இங்கே ஒரு மதிப்பெண் போடுங்கள்.

மறுதிசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. பேச்சைக் கேட்டு, திரையில் ஒரு பொம்மை உருவம் சைகை செய்வது?

பழைய இலக்கணம்:

அவதார் என்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேலான முயற்சி. பிரிட்டனில் தபால் நிலைய ஊழியர் பேசுவதை டெஸ்ஸா என்ற அவதார் சைகையாகக் காட்டியது. கவுன்டரில் வழக்கமாகப் பேசும் வாக்கியங்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு செய்தார்கள். அது புத்திசாலித்தனம், எல்லை எது என்று தெரிந்து வேலை செய்தார்கள். எல்லை இல்லாமல் போகும்போதுதான் முகம் செத்துப்போன பொம்மை ஒன்று சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. 2018ல் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகை மொழிபெயர்ப்பாளர் சங்கமும் சேர்ந்து அறிக்கை விட்டன. மாறாத, முன்பே பதிந்து வைக்கக்கூடிய செய்திகளுக்கு அவதார் ஆகலாம், நேருக்கு நேர் உரையாடலில் மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக வைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

என்னைக் கேட்டால், மாறாத செய்தி என்றால் அவதாரே வேண்டாம். காது கேளாதவர் ஒருவரை வைத்து ஒரு முறை வீடியோ எடுத்துவிட்டால் போயிற்று.

எடைக்கல்:

மூலப் பதிவருக்கு: மனம் தளர வேண்டாம். உங்கள் 40 சொல் மாடல் வீண் இல்லை, வேலையைத்தான் மாற்ற வேண்டும். தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டம் வராத இடமாகப் பாருங்கள்.

அகராதியைத் திருப்பிப் போட்டால் என்ன? சொல்லிலிருந்து சைகை தேட அகராதிகள் இருக்கின்றன. ஒரு சைகையைப் பார்த்துவிட்டு அதன் பொருளைத் தேடுவது எப்படி? எந்த எழுத்தில் தேடுவது? பயனர் கேமரா முன் சைகையைச் செய்யட்டும், மாடல் நெருக்கமான ஐந்து வீடியோவைக் காட்டட்டும், எது என்று அவரே பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஐந்துக்குள் வந்தால் போதும் என்றால் உங்கள் துல்லியமும் கணிசமாக ஏறும்.

அம்மாவின் குரல்:

இது வேண்டும். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. குழந்தை பள்ளியிலிருந்து ஒரு புதுச் சைகையோடு வரும், அம்மாவுக்குத் தெரியாது. திரும்பத் திரும்பச் செய்து காட்டிவிட்டுக் குழந்தை விட்டுவிடும். அந்த அம்மாக்களை நான் வகுப்பில் பார்க்கிறேன்.

முதல் பெஞ்ச்:

கேட்பவர்கள் சைகை கற்றுக்கொள்ள உதவும் செயலி. முதல் முறையாக இந்த இழையில் மொழிபெயர்க்கும் சுமை உங்கள் பக்கம் வந்திருக்கிறது. இதற்கு நான் வருகிறேன். ஒரு நிபந்தனை: மாதிரி வீடியோவில் சைகை செய்பவர்கள் அந்த மொழியைத் தாய்மொழியாகப் புழங்குபவர்களாக இருக்க வேண்டும், அவர்களிடம் எழுத்தில் மட்டும் இல்லாமல் சைகையிலும் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். இணையத்திலிருந்து அள்ளுவது கூடாது.

முதலில் உங்கள் 40 சொல்லையும் ஒரே வீடியோவாகப் போடுங்கள், பார்க்கிறேன்.

பின்னிரவு நிரலர்:

போட்டிருக்கிறேன். சம்மதம் பற்றிச் சொன்னதற்கு முழுச் சம்மதம். அறைத்தோழனிடமும் இனிமேல்தான் கேட்க வேண்டும் 😐

முதல் பெஞ்ச்:

பார்த்தேன். ஆறு சைகை வேறு மொழியைச் சேர்ந்தவை, பட்டியல் தனிமடலில் அனுப்புகிறேன். நான்கில் கைவடிவம் தவறு. 17ஆவது ‘உதவி’ என்று போட்டிருக்கிறீர்கள். கை உங்கள் மார்பை நோக்கி வருகிறது. அது ‘எனக்கு உதவு’. நீங்கள் இன்னொருவருக்கு உதவுவது என்றால் கை வெளியே போக வேண்டும்.

பின்னிரவு நிரலர்:

என்னிடம் இருக்கும் 50 வீடியோவும் என்னை நோக்கித்தான் வருகின்றன.

அம்மாவின் குரல்:

அழிக்காதீர்கள் தம்பி. பெயரை மட்டும் மாற்றுங்கள், அதுவும் தேவைப்படுகிற சைகைதான்.